மார்கழிப் பனியும் நமுத்த காகிதமும்

அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் மார்கழியும் சேர்ந்து வருகிற நேரம். பிள்ளைகளோடு காகித வேலை செய்யும் வாசகர்களின் கேள்விகள்தான் இந்த வாரம் முழுவதும். பாதிப் பேருடைய சிக்கலுக்குக் காரணம் கைத்திறன் இல்லை, காகிதம் குடித்த ஈரம்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குக் காகிதப் பனிநட்சத்திரம் வெட்டிக் கொடுத்தேன். முதல் தடவை நாலு மூலைதான் வந்தது. இரண்டாவது தடவை பிரித்ததும் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. எங்கே தப்பு?
வாசகி, சொக்கிகுளம்

பதில்: இரண்டும் வேறு வேறு தப்பு. முதலாவது மடிப்பில், இரண்டாவது வெட்டில்.

கோலம் போடுகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். நேர்ப்புள்ளி வைத்தால் நாலு மூலை வரும், ஊடுபுள்ளி வைத்தால் ஆறு மூலை வரும். 7-இல் தொடங்கி 4-இல் நிறுத்துகிற ஊடுபுள்ளிக் கோலத்தின் சட்டம்தான் பனிநட்சத்திரத்துக்கும். காகிதத்தைப் பாதி, பாதியில் பாதி என்று மடித்துக்கொண்டே போனால் அது நேர்ப்புள்ளிக் கணக்கு. எத்தனை தடவை மடித்தாலும் 4, 8 என்றுதான் வரும். நடுவில் ஒரு தடவை மூன்றாக மடிக்க வேண்டும்.

ஏ4 தாளில் 21 செ.மீ. சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியை நகத்தால் கீறி அடையாளம் வையுங்கள். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற 30-60 மூலைமட்டத்தின் 60 பாகை மூலையை அந்தப் புள்ளியில் வைத்து, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு கோடு. வலதை முன்னால் மடியுங்கள், இடதை அதன்மேல் மடியுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார வேண்டும். ஓரம் துருத்திக்கொண்டு நின்றால் பிரித்துத் திரும்ப மடியுங்கள், "பரவாயில்லை" என்று விட்டால் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். இப்போது 6 அடுக்கு. அதை நெடுக்காகப் பாதியாக மடித்தால் 12 அடுக்கு.

அடுத்தது பலர் விட்டுவிடுகிற வேலை. கூர்முனையிலிருந்து 10.5 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, அதற்கு வெளியே இருப்பதை வெட்டி எறியுங்கள். சதுரத்தின் நடுவிலிருந்து மூலைக்குக் கிட்டத்தட்ட 15 செ.மீ., பக்கத்துக்கு 10.5 செ.மீ.தான். இதைச் சமன் செய்யாவிட்டால் சில கை நீளமாகவும் சில கை மொட்டையாகவும் வரும்.

உதிர்ந்து போனதற்குக் காரணம், ஒரு மடிப்போரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் மடிப்போரம் வரை போய்விட்டது. பிறை, முக்கோணம், புளியங்கொட்டை என்று எந்த வடிவமும் வெட்டலாம். ஆனால் எதிர்ப்பக்கத்தில் அரை செ.மீ.யாவது வெட்டாமல் நிற்க வேண்டும்.

75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் 12 அடுக்கு என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம். ஐந்து வயதுப் பிள்ளையின் மழுங்கல் கத்தரி அதில் கடிக்காது, மென்றுதான் துப்பும். பட்டம் செய்கிற மெல்லிய தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாள்தான் இருக்கிறது என்றால் மடிப்பும் வெட்டும் உங்கள் வேலை, பிரிப்பது அவள் வேலை. நமக்குத் தெரிந்தவரை பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதியும் அதுதான். பிரித்ததும் கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வைத்தால் மடிப்பு அடங்கிவிடும்.

கேள்வி: "நம்ம ஊர்ப் பனி மட்டும் ஏன் நட்சத்திரமா இல்ல?" என்று பையன் கேட்கிறான். என்ன சொல்வது?
வாசகர், கோச்சடை

பதில்: தமிழில் எல்லாவற்றுக்கும் 'பனி' என்று ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. விடிகாலையில் நம் ஊர்ப் புல்லில் நிற்பது குளிர்ந்த தண்ணீர்த் துளி. கொடைக்கானலில் சில ராத்திரிகளில் புல்வெளியை வெளுக்க வைப்பது உறைபனி, அது தரையிலேயே உறைவது. நட்சத்திர வடிவம் மேகத்துக்குள் வளர்ந்து கீழே விழுகிற பனித்துகளுக்கு உரியது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஆறு ஆறாக வளையம் கட்டி அடுக்குகின்றன, அதனால்தான் ஆறு கை. ஏன் எப்போதும் ஆறு என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611-இலேயே ஒரு சிறு நூல் எழுதினார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். பிறகு 5,000-க்கு மேல் எடுத்தார். பையனிடம் கேட்டுப் பாருங்கள்: கடையில் விற்கிற எட்டு மூலைப் பனிநட்சத்திரம் சரியா, தப்பா?

கேள்வி: க்ரேப் தாளில் தோரணம் செய்து வாசலில் கட்டினோம். காலையில் தொங்கிப்போய், சிவப்புச் சாயம் சுண்ணாம்புச் சுவரில் வழிந்திருந்தது.
வாசகி, உசிலம்பட்டி

பதில்: அப்பளம் நமுக்கிற மாதிரிதான் காகிதமும். நார் ஈரத்தை இழுத்து உப்பும், உப்பினால் தளரும். க்ரேப் தாளின் சாயம் தண்ணீரில் கரைகிற சாயம், ஒரு துளி பட்டாலும் இறங்கும். வாசலுக்கு க்ரேப் வேண்டாம், கூடத்தில் கட்டுங்கள். வாசலுக்குச் சார்ட் தாளில் மாவிலை வெட்டி, ஒட்டு வேலை எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். முதலிலேயே தேய்த்தால் பசை பிடிக்காது. அப்படியும் பொழுது சாய்ந்ததும் கழற்றி உள்ளே வைத்து, வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் கட்டுவதுதான் நல்லது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மெழுகு எம்மாத்திரம்?

கேள்வி: அங்கன்வாடியில் மூன்று முதல் ஐந்து வயது வரை 20 பிள்ளைகள். கத்தரி கொடுக்கப் பயம். செலவும் கூடாது. பனிக்காலத்துக்கு ஏற்ற ஒரு வேலை சொல்லுங்கள்.
அங்கன்வாடிப் பணியாளர், மேலூர்ப் பக்கம்

பதில்: மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்ப்பீர்கள். மார்கழிக் காலையில் அதன் கால்மாட்டில் பனி நிற்கும், முதுகு மட்டும் தெரியும். அதையே செய்யுங்கள். கத்தரி வேண்டாம், எல்லாம் கிழித்து ஒட்டுவதுதான்.

வெளிர்நீலச் சார்ட் தாள் 3. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் 4, அகலவாக்கில் 2 எனப் பிரித்தால் 22-க்கு 28 அங்குலத் தாளில் 11-க்கு 7 அங்குலத் துண்டு 8 கிடைக்கும். மொத்தம் 24, நாலு உபரி. மலைக்குப் பழைய செய்தித்தாள் போதும். எழுத்து நெருக்கமாக இருக்கிற பக்கம் தள்ளி வைத்துப் பார்த்தால் பாறைச் சாம்பல் நிறம்தான். பனிக்கு பட்டர் பேப்பர், பிள்ளைக்கு இரண்டு விரல் அகலத்தில் இரண்டு பட்டை.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் பல்லுப் பல்லாகக் கோணும். நார் ஒரு திசையில் படுத்திருப்பதுதான் காரணம். குறுக்குக் கிழிசல் மலையின் முதுகுக்கு, நேர்க் கிழிசல் பனைமரத்துக்கு. பிள்ளைகள் கையில் எடுத்துக் கொடுக்கும்போது இந்தத் திசையை மட்டும் பார்த்துக் கொடுங்கள், மீதியைக் காகிதமே பார்த்துக்கொள்ளும்.

முதலில் மலையை ஒட்டி, அதன் அடிப்பாகம் மறைகிற மாதிரி பட்டர் பேப்பர் பட்டை. கடைசியில் கறுப்புத் தாளில் பனைமரம், பட்டைக்கு மேலே. பனைமரம் பனிக்குப் பின்னால் போனால் படத்தில் தூரம் இருக்காது. பட்டர் பேப்பர் முழுவதும் பசை தடவினால் சுருங்கிக்கொள்ளும், இரண்டு முனையில் மட்டும் பொட்டு வையுங்கள்.

மூன்று வயதுக்காரர்களுக்குக் கிழிக்கத் தெரியாது, இழுக்கத்தான் தெரியும். தாளின் விளிம்பில் நீங்கள் ஒரு செ.மீ. கிழித்துத் தொடங்கிக் கொடுங்கள். இரண்டு கைக் கட்டைவிரலும் கிழிசலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: வீட்டில் மைதா பசை காய்ச்சினால் ஒரு நாளில் புளித்துவிடுகிறது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மயில்துத்தம் போடுகிறார்களே, நாமும் போடலாமா?
வாசகர், திருமங்கலம்

பதில்: கூடவே கூடாது. மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் விரல் அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும். 2 மேசைக்கரண்டி மைதாவை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முக்கால் டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம் கிண்டுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். வெள்ளையாக இருக்கும்போதே இறக்கினால் ஒட்டாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவது உத்தமம். மிஞ்சினால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். நீர்க்க இருந்தால் தாள் சுருங்கும். ஆறியபின் இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை விளக்குமாற்று ஈர்க்கில் செய்ய முடியுமா? உள்ளே அகல் விளக்கு வைக்கலாமா?
வாசகி, பழங்காநத்தம்

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில். வைக்கக்கூடாது. காகிதமும் காய்ந்த ஈர்க்கும், கேட்க வேண்டுமா? சின்ன எல்இடி விளக்கு வையுங்கள். அதிலும் பொத்தான் பேட்டரி போட்டது வேண்டாம். அதைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். பென்சில் பேட்டரி போட்டு, மூடியைத் திருகாணியால் முடுக்குகிற மாதிரி பார்த்து வாங்குங்கள்.

ஈர்க்கில் செய்யலாம், ஒற்றை ஈர்க்கு வளையும். ஒன்றின் தடித்த முனையையும் இன்னொன்றின் மெல்லிய முனையையும் சேர்த்து இரட்டையாக நூல் சுற்றுங்கள். 30 செ.மீ. நீளத்தில் இப்படி 10 குச்சி. ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலிருந்தும் 11.5 செ.மீ.யில் பேனாவால் புள்ளி. நடுவில் 7 செ.மீ. மிஞ்சும். இந்தப் புள்ளிகளில்தான் குச்சிகள் ஒன்றை ஒன்று குறுக்கிட வேண்டும். கண்மதிப்பில் கட்டுகிற நட்சத்திரம் நொண்டுவது இந்தப் புள்ளி வைக்காததால்தான்.

5 குச்சியில் ஒரு நட்சத்திரம், ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ் என்று பின்னி முனைகளைக் கட்டுங்கள். அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனையையும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே இருக்கிற ஐந்து குறுக்குச் சந்திலும் 6 செ.மீ. துண்டு ஒவ்வொன்று நெட்டுக்குத்தாகக் கொடுத்தால் நட்சத்திரம் வயிறு உப்பி எழுந்திருக்கும். துண்டுகளின் இரு முனையிலும் கவட்டை மாதிரி வெட்டு இருந்தால் வழுக்காது. ஐஸ்கிரீம் குச்சியை நறுக்கினாலே போதும்.

துண்டு கொடுத்த பிறகுதான் தாள் ஒட்ட வேண்டும். தட்டையாக இருக்கும்போதே ஒட்டினால் உப்பும்போது கிழியும். பட்டத்தாளை எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டிக் குச்சியைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள். பின்பக்க நடு ஐங்கோணத்தை மட்டும் திறந்து விடுங்கள், விளக்கு வைக்கவும் எடுக்கவும் வழி வேண்டும். குச்சி கட்டுவது எட்டு வயதுக்கு மேல். சின்னவர்கள் தாள் ஒட்டட்டும்.

கேள்வி: பேரனுக்குப் பேப்பர் பிளேட்டில் ஜல்லிக்கட்டுக் காளை முகமூடி செய்கிறோம். கொம்பு நிற்க மாட்டேன் என்கிறது, பெயின்ட்டும் உரிகிறது.
தாத்தா ஒருவர், அலங்காநல்லூர்

பதில்: ஐயா, கொம்பை வெளியே ஒட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. உள்ளிருந்து குத்தி வெளியே வர வேண்டும். 10 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம் வெட்டிச் சுருட்டினால் அடி கிட்டத்தட்ட நாலரை செ.மீ. அகலத்தில் கூம்பு வரும். பிளேட்டில் 4 செ.மீ. துளை போட்டு, பின்பக்கமிருந்து கூம்பை நுழையுங்கள். அடி இறுகி நின்றுகொள்ளும். அடியில் ஒரு செ.மீ. ஆழத்துக்குச் சுற்றிலும் நறுக்கி, விரித்துப் பின்னால் ஒட்டிவிடுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் பேரன் பிடித்து இழுத்தாலும் நசுங்காது.

பெயின்ட் உரிவது வெள்ளிப் பூச்சுள்ள பக்கத்தில். அது வழுவழுப்பான மெல்லிய படலம், போஸ்டர் கலர் பிடிக்காது. பிளேட்டைத் திருப்பி, காகிதப் பக்கத்தில் அடியுங்கள். குழிவும் முகத்துக்குத் தோதாக இருக்கும். இரண்டு கண்துளைகளின் நடுவுக்கு நடு 5 செ.மீ. எலாஸ்டிக் கட்டுகிற துளையில் முன்னும் பின்னும் செல்லோடேப் ஒட்டியபின் குத்துங்கள். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கும் மறுநாள்தான் உங்கள் ஊர். நாள் இருக்கிறது, கலர் நன்றாகக் காயட்டும்.

கேள்வி: இடது கைப் பழக்கமுள்ள மகனுக்குக் கத்தரி வெட்டவே மாட்டேன் என்கிறது.
வாசகி, தல்லாகுளம்

பதில்: அவன்மேல் தப்பில்லை. சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரண்டு அலகையும் விலக்கிவிடும், மேல் அலகு கோட்டையும் மறைக்கும். இடக்கைக் கத்தரி என்றே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: செய்ததையெல்லாம் அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாமா?
வாசகர், வாடிப்பட்டி

பதில்: பனிநட்சத்திரத்தைப் பழைய டைரிக்குள் வைக்கலாம். ஈர்க்கு நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு எலும்புக்கூட்டை மட்டும் பரணில் போடுங்கள், பேட்டரியைக் கழற்ற மறக்காமல். மைதா பசை பட்டது எதையும் வைக்க வேண்டாம், பாச்சைக்கு விருந்து. போகியன்று கழித்துவிடலாம். காளை மட்டும் தப்பிக்கும், அதற்கு வேலையே போகிக்குப் பிறகுதான்.