மியூனிக் மாநாட்டுக்கு விசா: ஏஜெண்டுக்கு 400 வெள்ளி எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு நிறுவனத்தில் எம்ப்ளாய்மண்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலை செய்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். வரும் அக்டோபர் 14 முதல் 16 வரை மியூனிக்கில் தொழில்துறை மாநாடு. 13ஆம் தேதி போய்ச் சேர்ந்து, முடிந்ததும் 17ஆம் தேதி பாரிஸ் போய் ஐந்து இரவு தங்கிவிட்டு 22ஆம் தேதி திரும்ப நினைக்கிறேன். பாஸ்போர்ட் ஜனவரி 10 வரை செல்லும். ஐரோப்பாவுக்கு மூன்று மாதம் இருந்தால் போதும் என்கிறார் ஏஜெண்ட். பிரான்ஸ் வழியாக விண்ணப்பித்தால் நேரில் போய்க் கொடுக்கச் சீக்கிரம் நேரம் கிடைக்குமாம், 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அதைவிட அவசரமான விஷயம் உங்கள் பாஸ்போர்ட்.

மூன்று மாதம் என்பது சரிதான். ஆனால் அதை விண்ணப்பிக்கும் நாளிலிருந்தோ விமானம் ஏறும் நாளிலிருந்தோ எண்ணக்கூடாது. ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லையை விட்டு நீங்கள் வெளியேறும் நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் வெளியேறுவது அக்டோபர் 22. அப்படியென்றால் பாஸ்போர்ட் ஜனவரி 22 வரையாவது செல்ல வேண்டும். உங்களுடையது ஜனவரி 10ஆம் தேதியே முடிகிறது. பன்னிரண்டு நாள் குறைகிறது. பாரிஸையே விட்டுவிட்டு 17ஆம் தேதி திரும்பினாலும் போதாது. நாளைக்கே புதுப்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். போலிஸ் சரிபார்ப்புக்காக உங்கள் கோப்பு ஊருக்குப் போனால் வாரக்கணக்கில் இழுக்கும். ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், ஆனால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. 13ஆம் தேதியிலிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 29 வருகிறது. அதற்குள் புதிய பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

புதுப்பிக்கும்போது ஒன்றைச் செய்யாதீர்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். ‘புதுப்பிக்கிறபோதே பெயரையும் பிரித்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். இப்போது வேண்டாம். எம்ப்ளாய்மண்ட் பாஸ், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் பழைய அமைப்பில் இருக்கும். விசாக் கோப்பு நடுவில் இருக்கும்போது பெயரை மாற்றினால் ஒவ்வொரு தாளுக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும். மாநாட்டுப் பதிவிலும் டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அலுவலகத்தில் எல்லோரும் ‘குமார்’ என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக அழைப்புக் கடிதத்தில் ‘குமார்’ என்று வாங்காதீர்கள். புதிய பாஸ்போர்ட் எண் வந்ததும் மனிதவள அமைச்சில் உங்கள் பாஸ் விவரத்தை மாற்றச் சொல்லி முதலாளியிடம் சொல்லுங்கள். எம்ப்ளாய்மண்ட் பாஸே முடியும் தறுவாயில் இருந்தால் அதையும் முன்கூட்டியே புதுப்பிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சிங்கப்பூருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அந்தப் பாஸும் வேலையும்தான் சாட்சி.

அடுத்தது பிரான்ஸ் யோசனை. இதை நிதானமாகப் படியுங்கள். நான் பார்க்கும் கோப்புகள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் நேரம் கிடைக்கிறதோ அங்கே கேட்க முடியாது. பயணத்தின் முக்கிய நாடு எதுவோ அங்கேதான் கேட்க வேண்டும். முக்கிய நாடு எது என்பதை இரண்டு வழிகளில் பார்க்கிறார்கள்: எங்கே அதிக நாள் தங்குகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள். இரண்டும் ஒரே நாட்டைக் காட்டினால் பிரச்சினையே இல்லை. உங்கள் திட்டத்தில் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மியூனிக்கில் நான்கு இரவு, பாரிஸில் ஐந்து இரவு. காரணம் ஜெர்மனியைச் சொல்கிறது, நாள் கணக்கு பிரான்ஸைச் சொல்கிறது. பிரான்ஸில் கொடுத்தால் ‘மாநாடு மியூனிக்கில்தானே’ என்பார்கள், ஜெர்மனியில் கொடுத்தால் ‘அதிக நாள் பாரிஸில்தானே’ என்பார்கள். எந்தக் கவுண்டரில் எந்த அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று என்னாலும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்கே இடம் வைக்காதீர்கள். பாரிஸை மூன்று இரவாகக் குறைத்து 20ஆம் தேதி திரும்புங்கள். அப்போது நாளும் காரணமும் ஜெர்மனியையே காட்டும். முதலில் நுழைவதும் அங்கேதான். நேராக ஜெர்மனிக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு நாட்டிலும் சமமான நாள், சமமான காரணம் என்றால்தான் முதலில் நுழையும் நாடு என்ற விதி வரும். அதைப் பிடித்துக்கொண்டு ‘முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கே கேட்டால் போதும்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு.

ஏஜெண்ட் பிரான்ஸ் என்று சொல்வதன் உள்நோக்கம் வேறு. பாரிஸில் பத்து நாள் ஹோட்டல் போட்டு ஒரு தாள் தயாரிப்பார், விசா வந்ததும் அதை ரத்து செய்துவிடுவார். டம்மி டிக்கெட்டும் அவரே தருவார். பொய்த் தாள் என்று தெரிந்தால் விசா மறுக்கப்படும், அந்த மறுப்பு ஷெங்கன் நாடுகளின் விசாத் தகவல் தொகுப்பில் ஐந்து ஆண்டு வரை இருக்கும். பிறகு அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பித்தால் ‘எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா’ என்று படிவமே கேட்கும். கையெழுத்து உங்களுடையது, ஏஜெண்டுடையது அல்ல.

ஆட்கள் ஏஜெண்டிடம் ஏன் ஓடுகிறார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நேரம் கேட்டால் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று ஷெங்கன் விசாச் சட்டமே சொல்கிறது. கோடை மாதங்களில் முன்பதிவுத் திரையைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தெரியாது. விசா வருவதற்குமுன் டிக்கெட் வாங்காதே என்கிறார்கள், விமான முன்பதிவைக் காட்டு என்றும் கேட்கிறார்கள். மனிதர்களை இப்படி அலைக்கழித்துவிட்டு இடைத்தரகர் பெருகிவிட்டார் என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் 400 வெள்ளிக்கு அவரால் வாங்கித்தர முடிவது எதுவும் இல்லை. முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. விரல் ரேகை கொடுக்க நீங்கள்தான் நேரில் போக வேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, அதையும் நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள். அதிகாலையிலும் நள்ளிரவிலும் நீங்களே திரையைப் பாருங்கள், ரத்தாகும் இடங்கள் அப்போதும் திறக்கும்.

உங்கள் கோப்பைத் தாங்குவது இரண்டு கடிதம். ஒன்று மாநாட்டு ஏற்பாட்டாளரின் அழைப்பு, பதிவுக் கட்டணம் செலுத்திய சான்றோடு. மற்றொன்று நிறுவனத்தின் கடிதம். ‘இவர் எங்கள் ஊழியர்’ என்று இரண்டு வரியில் எழுதி அனுப்புகிறார்கள், அது போதாது. எந்த ஆண்டிலிருந்து வேலை, என்ன பதவி, சம்பளம் எவ்வளவு, மாநாட்டில் உங்கள் பங்கு என்ன, மியூனிக் செலவு யாருடையது, பாரிஸ் செலவு யாருடையது, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்புவீர்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பாரிஸ் நாட்களுக்கு விடுப்பு ஒப்புதல் என்று தனியாக ஒரு வரி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டிலேயே அது இருக்கலாம், மனிதவளப் பிரிவில் சான்றிதழ் கேளுங்கள். இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.

மாநாட்டுக்குப் பதிவு செய்ததும் வேறொரு கூட்டம் வரும். ‘மாநாட்டின் அதிகாரபூர்வ ஹோட்டல் பிரிவு, அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன’ என்று மின்னஞ்சல் வரும், தொலைபேசியிலும் கூப்பிடுவார்கள். மாநாட்டின் இணையப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள். ‘நிறுவன விவரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள், இலவசம்’ என்று ஒரு படிவமும் வரும். கீழே பொடி எழுத்தில் ஆண்டுச் சந்தா இருக்கும், ஒரு கையெழுத்தில் பல ஆண்டுகளுக்கு மாட்டிக்கொள்வீர்கள். மாநாட்டு மேசையில் யார் நீட்டினாலும் கையெழுத்திடாதீர்கள்.

லண்டன் வழி டிக்கெட் மலிவு என்று எடுக்காதீர்கள், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசாத் தொல்லை. சாங்கியிலிருந்து மியூனிக்குக்கு நேர் விமானம் இருக்கிறது. ‘சிங்கப்பூர் நிரந்தரவாசி என்பதால் எனக்கு விசா வேண்டாம்’ என்று நண்பர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விசா பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான்.

திரும்பும்போது விமானத்தில் வருவதால் சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளத்தில் அது இலவசம். தேடினால் பணம் கேட்கும் தளங்களும் முன்னால் வந்து நிற்கும். கட்டாதீர்கள்.

ஏஜெண்டிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்தில் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். பாஸ்போர்ட் அவரிடம் இருந்தால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள்.