பழைய நாட்டில் தங்கிவிட்ட சேமிப்பு: முதலில் காகிதம், பிறகு பணம்

கேள்வி: ஒன்றரை ஆண்டுக்கு முன் வேலை நிமித்தமாக வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தேன். பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பு, முன்பு வசித்த நாட்டின் வங்கியில் பாதி சேமிப்புக் கணக்கிலும் பாதி வைப்புநிதியிலுமாக இருக்கிறது. இங்கே வீடு வாங்க முன்பணம் தேவைப்படுவதால் அதைக் கொண்டுவர நினைக்கிறேன். மொத்தமாக அனுப்பினால் வரித்துறையின் கண்ணில் படும், சிறு சிறு தொகையாக அனுப்புங்கள் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா? வங்கி வழியாக அனுப்புவதா, செயலி வழியாக அனுப்புவதா? வரி கட்ட வேண்டியிருக்குமா?

பதில்: நண்பரின் யோசனையிலிருந்தே தொடங்குகிறேன், நீங்கள் எழுதியிருப்பவற்றில் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடியது அது ஒன்றுதான். சிறு தொகைகள் யார் கண்ணிலும் படாது என்ற எண்ணம் காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆஸ்திரேலியாவில், நாட்டுக்குள் வருவதும் வெளியே செல்வதுமான பணப் பரிமாற்ற உத்தரவுகள், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், நிதிக் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்ட்ராக்குக்குத் தெரிவிக்கப்படுகின்றன. கனடாவில் 10,000 கனடிய டாலர் என்று ஒரு வரம்பு உண்டு. ஆனால் 24 மணி நேரத்துக்குள் நடந்த சிறு பரிமாற்றங்களையும் கூட்டிப் பார்த்தே அந்த வரம்பைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனையை வங்கி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்; அந்த அறிக்கையைத் தவிர்ப்பதற்காகத் தொகையைப் பிரிப்பது, பணம் முழுக்க முழுக்க நேர்மையாகச் சம்பாதித்ததாகவே இருந்தாலும், தனியொரு குற்றமாகும்.

அறிக்கை போவதால் நேர்மையான சேமிப்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. 49,000 டாலர் உங்கள் பெயரிலுள்ள பழைய கணக்கிலிருந்து உங்கள் பெயரிலுள்ள புதிய கணக்குக்கு ஒரே தடவையில் வந்தால், பெரும்பாலும் ஒரு கேள்வியோடு முடிந்துவிடும். அதே பணம் 4,900 வீதம் பத்துத் தடவை வந்தால், வங்கியின் கண்காணிப்பு மென்பொருள் எதைத் தேடுவதற்காக எழுதப்பட்டதோ அந்த உருவத்தை நீங்களே வரைந்து கொடுத்ததாக ஆகிவிடும். கணக்கை முடக்கிவிட்டு விசாரிக்கும் அளவுக்கு அது போகலாம். செலாவணி விகிதம் ஏறி இறங்குவதைச் சமன்செய்ய மூன்று நான்கு தவணையாக அனுப்புவது வேறு விஷயம். அது நியாயமானது, காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. பழைய கணக்கு ஏற்கெனவே வரித்துறைக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2014-இல் உருவாக்கிய பொது அறிக்கையிடல் தரத்தின்படி, 2017 முதல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் வெளிநாட்டில் வசிப்போரின் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று ஆண்டுதோறும் தாமாகவே அனுப்பிக்கொள்கின்றன. கணக்கின் இருப்பும் அதில் வந்த வட்டியும் அதில் அடங்கும். அமெரிக்கா இந்த ஏற்பாட்டில் சேரவில்லை. அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. எனவே பழைய வங்கி 'வரி வசிப்பிடச் சுயசான்று' (எந்த நாட்டின் வரிக்கு உட்பட்டவர், அதாவது வரி வசிப்பாளர், என்று நீங்களே எழுதித்தருவது) என்று ஒரு படிவம் அனுப்பினால் அதைக் கிடப்பில் போடாமல், இன்று வசிக்கும் நாட்டையும் அங்குள்ள வரி எண்ணையும் சரியாக எழுதிக் கொடுங்கள். ஒன்றரை ஆண்டாகியும் பழைய முகவரியிலேயே கணக்கு கிடந்தால், பணத்தை நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அதை மாற்றுவதுதான். வெளிநாட்டில் வசிப்போர் சாதாரணக் கணக்கை வைத்திருக்கக் கூடாது, அதை வேறு வகைக் கணக்காக மாற்ற வேண்டும் என்ற விதி சில நாடுகளில் இருக்கிறது.

எந்த நாட்டிலிருந்து சென்றீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். பல நாடுகளில் தனிநபர் எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே அனுப்பலாம். செலாவணிக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில் ஆண்டு வரம்பு உண்டு. சீனாவில் ஒருவர் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகையை எளிய நடைமுறையில் மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவில் வெளிநாடுவாழ் இந்தியர் தம் இந்திய வருமானத்தை ரூபாயில் வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை, வரி செலுத்தியதற்கான சான்றுகளோடு அனுப்பலாம். இத்தகைய நாடுகளில் அனுமதிக்கான காகிதங்களைத் தயார்செய்யவே சில வாரங்கள் பிடிக்கும். வீட்டுக்கு முன்பணம் கட்டும் தேதியை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாத, ஆனால் நான் அதிகம் பார்க்கும் சிக்கலுக்கு வருகிறேன்: பழைய கைபேசி எண். ஊர் மாறியவர்கள் முதலில் வெட்டுவது பழைய சிம் கார்டைத்தான். வைப்புநிதி முதிர்ந்து, பயனாளியின் விவரங்களையெல்லாம் உள்ளிட்டு, அனுப்பும் கட்டத்துக்கு வந்த பிறகு, இப்போது வேறு யாரோ ஒருவரின் கையில் இருக்கக்கூடிய எண்ணுக்கு ஓடிபி போய்ச் சேரும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் நேரில் வாருங்கள் என்பார்கள். அல்லது நோட்டரியின் முன்னோ தூதரகத்திலோ கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கேட்பார்கள். ஒரு கையெழுத்துக்காக விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் எண் இன்னும் உயிரோடு இருந்தால், கடைசிப் பணம் வந்து சேரும் வரை அதை ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வங்கியா செயலியா என்பதற்கு, கட்டணத்தைப் பார்க்காமல் கையில் வந்து சேரும் தொகையைப் பார்ப்பதே என் பதில். வங்கிகள் தம் கட்டணத்தைப் பெரிய எழுத்தில் காட்டும். உண்மையான செலவு செலாவணி விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள நடுச்சந்தை விகிதம், ஒரு யூரோவுக்கு 1.10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 40,000 யூரோவின் மதிப்பு 44,000 டாலர். வங்கி 1.07 என்ற விகிதத்தில் மாற்றினால் உங்களுக்குக் கிடைப்பது 42,800. கட்டணம் என்று ரசீதில் இருப்பது 25 யூரோதான். விகிதத்தில் போனது 1,200 டாலர். நடுச்சந்தை விகிதத்திலேயே மாற்றி, அரை சதவீதத்தை வெளிப்படையாகக் கட்டணமாக எடுக்கும் ஒரு சேவையில், 200 யூரோ போக 39,800 யூரோ மாறி 43,780 டாலராக வரும். 'கட்டணமே இல்லை' என்ற விளம்பரத்தைக் கண்டால் விகிதத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். ஒப்பிடும்போது ஒரே நேரத்தில், ஒரே தொகைக்கு, 'இறுதியில் எவ்வளவு வரவாகும்' என்ற ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். தொகை பெரியதாக இருந்தால் வங்கியின் செலாவணிப் பிரிவோடு பேரம் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்னோரிடத்தில் கிடைத்த விகிதத்தை எடுத்துக் காட்டினால் இறங்கி வருகிற வங்கிகள் உண்டு.

செயலிகளுக்கும் குறைகள் உண்டு. ஒரு தடவைக்கு, ஒரு நாளுக்கு, ஓர் ஆண்டுக்கு என்று வரம்புகள் இருக்கும். பல சேவைகள் வங்கி உரிமம் பெற்றவை அல்ல. வாடிக்கையாளர் பணத்தைத் தனியாகப் பிரித்து வைக்கும் கடமை அவற்றுக்கு உண்டே தவிர, வைப்புக் காப்பீடு இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,00,000 யூரோ வரையும் அமெரிக்காவில் 2,50,000 டாலர் வரையும் கிடைக்கும் காப்பீட்டுப் பாதுகாப்பு, சாதாரணமாக அந்தச் செயலியில் கிடக்கும் இருப்புக்குப் பொருந்தாது. ஆகவே அதை வழியாக மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் பணத்தை அங்கே தங்கவைக்க வேண்டாம். இரண்டு நாடுகளும் யூரோவைப் பயன்படுத்துபவையாக இருந்தால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஐரோப்பிய வங்கிகளுக்கிடையிலான யூரோப் பரிமாற்ற ஏற்பாடான செபா முறையில் அனுப்பினால் உள்நாட்டுப் பரிமாற்றம் போலவே போய்விடும்.

வங்கி வழியாகவே அனுப்புவதென்றால், வங்கிகளை இணைக்கும் பன்னாட்டு வலையமைப்பான ஸ்விஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட், பணத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. செய்தியை மட்டுமே கொண்டுபோகிறது. இரு வங்கிகளுக்கும் நேரடிக் கணக்கு இல்லாதபோது, இருவரும் கணக்கு வைத்திருக்கும் இடைவங்கி ஒன்று, சில சமயம் இரண்டு, நடுவே வரும். ஒவ்வொன்றும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் 'கட்டணம் யாருக்கு' என்ற இடத்தில் மூன்று தெரிவுகள் இருப்பது இதனால்தான். ஓ.யூ.ஆர். என்றால் எல்லாவற்றையும் அனுப்புகிறவர் ஏற்கிறார், எஸ்.எச்.ஏ. என்றால் தன் வங்கியின் கட்டணத்தை அனுப்புகிறவரும் மற்றதைப் பெறுகிறவரும் ஏற்கிறார்கள், பி.இ.என். என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். முன்பணம் துல்லியமாக இவ்வளவு வர வேண்டும் என்றிருந்தால் ஓ.யூ.ஆர். போடுங்கள். இதைவிட முக்கியமானது, எந்த நாணயத்தில் அனுப்புவது என்பது. பழைய நாட்டு நாணயத்திலேயே அனுப்பினால், பெறும் வங்கி தன் விருப்ப விகிதத்தில் மாற்றிவிடும். மாற்றுவது யார் என்பதை நீங்கள் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு சிறு தொகையைச் சோதனைக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மீதியை அனுப்பலாம். ஐபேன் என்ற பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணிலேயே இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் இருப்பதால் ஓரெழுத்துப் பிழையை அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் ஐபேனைப் பயன்படுத்தாத நாடுகளும் பல, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அவற்றில் அடங்கும். பெயர்தான் நம்மவர்களுக்குத் தலைவலி. ஒரு நாட்டு வங்கியில் தலைப்பெழுத்தோடு இருக்கும் பெயர், இன்னொரு நாட்டில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகி முன்பின் மாறி நிற்கும். இரு கணக்கும் ஒருவருடையதே என்று வங்கிக்குத் தோன்றாவிட்டால் பணம் நடுவழியில் நிற்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே இரண்டிலும் பெயரைத் திருத்திவிட்டு அனுப்புவது நல்லது. அனுப்பிய பின் பணம் தாமதமானால், 36 எழுத்துக்குறிகள் கொண்ட யூ.இ.டி.ஆர். என்ற தடமறி எண்ணை அனுப்பிய வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம்.

வரியைப் பற்றிச் சொல்வதானால், உங்கள் சொந்தச் சேமிப்பை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது பெரும்பாலான நாடுகளில் வருமானம் ஆகாது. வட்டியின் கதை வேறு. புதிய நாட்டில் நீங்கள் வரி வசிப்பாளராக ஆன நாள் முதல், பழைய நாட்டில் சேர்ந்த வட்டியையும் அங்கே கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். பணம் பழைய வங்கியிலேயே கிடந்தாலும், நீங்கள் எடுக்காவிட்டாலும் அப்படித்தான். பழைய நாட்டில் பிடித்தம் செய்த வரியை, இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால், பெரும்பாலும் கழித்துக்கொள்ளலாம். இந்த ஒன்றரை ஆண்டு வட்டியை நீங்கள் காட்டாமல் விட்டிருந்தால், கேட்கும் முன் திருத்தக் கணக்கைத் தாக்கல் செய்வது மலிவானது. சில நாடுகளில் பணத்தை உள்ளே கொண்டுவரும் செயலே வரியைத் தூண்டும். தாய்லாந்தில் 2024 ஜனவரி 1 முதல், அந்நாட்டு வரி வசிப்பாளராக இருந்தபோது வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை எந்த ஆண்டில் கொண்டுவந்தாலும் வரிக்கு உட்படும்; அந்தத் தேதிக்கு முன் ஈட்டியதற்கு அது பொருந்தாது.

இதனால்தான் நான் எல்லோரிடமும் ஒரே ஒரு காகிதத்தைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன்: நீங்கள் புதிய நாட்டில் வரி வசிப்பாளரான நாளுக்கு முந்தைய நாளின் இருப்பைக் காட்டும் வங்கிச் சான்று. அந்தக் கோட்டுக்கு முன்னிருந்தது மூலதனம், பின்னால் வந்தது வருமானம் என்று பிரித்துக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதோடு சம்பளச் சீட்டுகள், வைப்புநிதி ரசீதுகள், பழைய நாட்டு வரிக் கணக்குகள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக் கடன் தரும் வங்கியும் கேட்கும். முன்பணத்தைக் கடைசி வாரத்தில் கொண்டுவராமல் இரண்டு மூன்று மாதம் முன்பே கொண்டுவந்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவகாசம் இருக்கும். வங்கியைத் தொடாமல் தரகர் வழியே மாற்றும் உண்டியல் முறையிலோ, 'நீ அங்கே கொடு, நான் இங்கே தருகிறேன்' என்று நண்பர்களுக்குள்ளோ மாற்றிக்கொண்டால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும். விகிதம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் வீட்டுப் பணத்தை அந்த வழியில் கொண்டுவராதீர்கள்.

வைப்புநிதியை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டிக் குறைப்பு உண்டு. சேமிப்புக் கணக்கிலுள்ளதை முதலிலும், வைப்புநிதியை முதிரும்போதும் அனுப்ப முடிந்தால் அப்படியே செய்யுங்கள். பழைய கணக்கை அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம். திருப்பித் தரப்படும் வரி, பழைய வாடகை வீட்டுக்குக் கொடுத்த வைப்புத்தொகை, நிலுவைச் சம்பளம் போன்றவை ஆறேழு மாதம் கழித்தும் வந்து விழும். கணக்கு இல்லாவிட்டால் அவை திரும்பிப் போய்விடும். எல்லாம் வந்த பிறகு, கடைசி ஐந்தாறு ஆண்டு அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, கணக்கு மூடப்பட்ட தேதியைக் குறிப்பிடும் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கணக்கு மூடிய மறுநாளே இணைய வங்கியின் கதவும் மூடிவிடும் என்பதால், பதிவிறக்குவது முதலிலும் மூடுவது பிறகுமாக இருக்கட்டும்.