யாழ் நூலகம் எரிந்தது மே 31 அன்றா, ஜூன் 1 அன்றா?

கேள்வி எளிது. ஆனால் இரண்டு தேதிகளும் அச்சில் வருவதால் குழப்பம் நியாயமானதே. நான் ஜூன் 1 என்றுதான் சொல்வேன்.

1981 ஜூன் 4 அன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. மே 31 மாலை யாழ்ப்பாணத்தின் நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணிக் கட்சியின் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டனர். அன்றிரவே பொலிசார் வெறியாட்டத்தில் இறங்கினர். கூட்டணி அலுவலகமும் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் தீக்கிரையாகின. இந்தத் தொடக்கத்தை வைத்தே சிலர் மே 31 என்கிறார்கள். நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது மறுநாள் இரவு என்பதே பரவலாக ஏற்கப்படும் கணக்கு.

சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாகின. செல்லப்பா என்பவர் 1933-இல் தம் வீட்டிலேயே தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்த நூலகம் அது; புதிய கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த நெருப்பைக் கண்ட அதிர்ச்சியில் மாரடைப்பால் இறந்தார் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. அச்சுப் புத்தகங்களைத் தேடினால் எங்காவது இன்னொரு பிரதி கிடைக்கலாம். ஓலைச்சுவடிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

இன்று அங்கே போனால் வெள்ளைக் கட்டடத்தின் முன் சரஸ்வதி சிலை அமர்ந்திருக்கிறது. புதிதாக வருபவர்கள் முதலில் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள்.