பட்டாளத்துக்குப் போகாதவர்

அன்புள்ள சார்,

என் தாத்தாவின் அண்ணன்மார் இருவர் இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் இருந்தவர்கள். மூத்தவர் திரும்பவில்லை. இளையவர் கொண்டுவந்த பர்மா ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கமும் வட்டமான போர்ப் பதக்கமும் எங்களிடம் உள்ளன. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். வெள்ளியா? என்ன விலை பெறும்? தாத்தா மட்டும் பட்டாளத்துக்குப் போகவில்லை.

ஒரு வாசகர், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தப் புளியைத் தூக்கி எறியுங்கள். வெள்ளி இல்லை. வட்டம் செம்பும் நிக்கலும் கலந்தது, ஸ்டார் செம்பும் துத்தநாகமும். இங்கிலாந்துச் சிப்பாய்க்குப் பெயரில்லாத பதக்கம்தான் போனது. இந்தியச் சிப்பாய்க்கோ பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். வட்டத்தின் விளிம்பிலும் ஸ்டாரின் பின்புறமும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நீங்கள் தேய்த்துக்கொண்டிருப்பது அந்த எழுத்தைத்தான்.

திரும்பாதவரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கல்லறை இல்லாதவர்களுக்கான ரங்கூன் நினைவிடத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். உங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, அதனால் திருவிதாங்கூர் என்று பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டம் பிறந்ததே 1956இல்.

விலையை விடுங்கள். உங்கள் கடைசி வரிதான் எனக்கு எரிச்சல். அதென்ன 'மட்டும்'?

1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. நாஞ்சில்நாட்டு நெல் எத்தனை வாய்க்குக் காணும்? உங்கள் விளவங்கோட்டுப் பக்கம் மரச்சீனிதான், அதாவது மரவள்ளிக்கிழங்குதான், சோறு. என் பாட்டி உலர்ந்த மரச்சீனித் துண்டுகளைப் பானையில் போட்டு, பிள்ளைகள் கை வைக்காமலிருக்க அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பாளாம். கடைசிவரை மரச்சீனி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அண்ணன்மாருக்குப் பட்டாளம் சோறு போட்டது. இங்கே அம்மாவுக்கு, அண்ணிமாருக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு? மணியார்டர் வந்திருக்கும் என்பீர்கள். சரி, காசைக் கடித்தா தின்பது? கடையில் அரிசி வேண்டாமா? வரப்பில் வாழைக்கன்றும் தோட்ட விளையில் மரச்சீனிக் கம்பும் நட்டு, வரிசையில் நின்று ரேஷன் வாங்கி, இரண்டு அண்ணன்மார் குடும்பத்தையும் இழுத்தவர் வேறு யார்? அவர் போயிருந்தால் இந்தக் கடிதம் எழுத நீங்கள் இருந்திருப்பீர்களா தம்பி?

அவர் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. வயசான அத்தைமார் யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள்: அந்த வருடங்களில் அடுப்பு எப்படி எரிந்தது, யாரிடம் கடன் வாங்கினார்கள், எந்த விளையை விற்றார்கள். கேட்டு எழுதுங்கள். விலை கேட்டு எழுதினால் பதில் போடமாட்டேன்.