மாட்டுக்கொட்டகைத் தண்ணீரைப் பாசி சுத்தம் செய்யுமா?

கேள்வி: 12 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சாணத்தை அள்ளிய பிறகு கொட்டகை கழுவும் தண்ணீர் தினமும் 800 லிட்டர் வரை குழியில் தேங்கி நாறுகிறது. அதில் ஸ்பைருலினா வளர்த்தால் தண்ணீரும் சுத்தமாகும், மாட்டுக்குத் தீவனமும் கிடைக்கும் என்று ஒருவர் பாசி விதை விற்க வருகிறார். வாங்கலாமா ஐயா?
- பால்பண்ணையாளர், திருச்செங்கோடு பகுதி

பதில்: வாங்காதீர்கள். ஸ்பைருலினா என்ற பாசி சோடா உப்பு கரைத்த, பி.எச். 9-க்கு மேல் இருக்கிற, அதாவது காரம் கூடிய தண்ணீரில் வளர்வது. உங்கள் குழியில் ஊற்றினால் சீக்கிரமே அதை அமுக்கிவிட்டு நாட்டுப் பாசி மேலே வந்துவிடும். அப்படியே வளர்ந்தாலும் சாணக் கிருமி சேர்ந்த பாசியைக் கறவை மாட்டுக்குக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் பாசி வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் யோசனை சரியானதுதான். 1950-களிலேயே கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற ஆராய்ச்சியாளர் ஆழமில்லாத குளங்களில் பாசி வளர்த்து ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்தப்படுத்திக் காட்டினார். நம் பக்கம் ராணிப்பேட்டையில், கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் எடுக்கும் ஓர் ஆலையிலும் பாசியைக் கொண்டு கழிவுநீரைக் கையாண்டிருக்கிறார்கள். பாக்டீரியா சாணக் கழிவைச் சிதைக்க ஆக்ஸிஜன் வேண்டும். அதைப் பகலில் பாசி கொடுக்கிறது. பாக்டீரியா வெளிவிடும் கரியமில வாயுவையும், கோமியத்திலிருந்து வரும் அமோனியாவையும், பாஸ்பேட்டையும் பாசி எடுத்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் இருந்தால் நாற்றம் தானாக அடங்கும்.

உங்கள் குழியில் இது நடக்காததற்குக் காரணம், அது ஆழமாகவும் கறுப்பாகவும் இருப்பது. வெயில் உள்ளே இறங்குவதில்லை. அதனால் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீரை ஒரு நாள் நிறுத்தி, சாணத்தையும் வைக்கோல் கூளத்தையும் படியவிடுங்கள். மேலாகத் தெளிந்ததை மட்டும் பாசித் தொட்டிக்கு விடுங்கள். 25 அடி நீளம், 10 அடி அகலம், ஒரு அடி ஆழம் போதும். தண்ணீர் கசியாத சில்பாலின் பிளாஸ்டிக் ஷீட் விரித்தால் சரி. சுமார் 7,000 லிட்டர் பிடிக்கும். தினம் 800 லிட்டர் உள்ளே போனால் அதே அளவு மறுமுனையில் வெளியேறும், தண்ணீர் கிட்டத்தட்ட 9 நாள் தங்கும். வெயில் மறைக்காத இடமாகப் பாருங்கள். காலையிலும் மதியமும் துடுப்பு போன்ற ஒரு பலகையால் கலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாசி அடியில் படிந்துவிடும், கொசுவும் பெருகும்.

விதைக்குக் காசு எதற்கு? பக்கத்துக் குட்டையில் பச்சையாக இருக்கும் தண்ணீர் நாலு குடம் போதும். அதற்கு முன்னால் ஒரு சோதனை: ஒளி புகும் பிளாஸ்டிக் பாட்டில் நான்கில் கொட்டகைத் தண்ணீரை ஒன்றுக்கு ஒன்று, மூன்று, ஐந்து, பத்து பங்கு நல்ல தண்ணீர் கலந்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் குட்டைத் தண்ணீர் விட்டு வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். ஒரு வாரத்தில் எது நல்ல பச்சையாகிறதோ, அந்த அடர்த்தியில்தான் தொட்டியைத் தொடங்க வேண்டும். அமோனியா கூடினால் பாசியே செத்துவிடும். தொட்டி பச்சையான பிறகு தனியாகத் தண்ணீர் கலக்கத் தேவையில்லை, உள்ளே இருப்பதே நீர்க்கச் செய்துவிடும்.

இந்த முறையில் பெரிய தொல்லை, பாசியைப் பிரிப்பது. கண்ணுக்குத் தெரியாத செல்கள், லேசில் படியாது. படிகாரம் போட்டுப் படியவைக்கலாம், ஆனால் உங்கள் அளவுக்கு அந்த வேலையே தேவையில்லை. பாசிக்குள் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறதே, வெளியே வரும் பச்சைத் தண்ணீரை அப்படியே கம்பு நேப்பியர் புல்லுக்குப் பாய்ச்சுங்கள். சொட்டுநீர்க் குழாயில் விட்டால் அடைத்துக்கொள்ளும், வாய்க்காலில் விடுங்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கு வேண்டவே வேண்டாம். கிருமி குறையுமே தவிர முழுதாகப் போகாது. உப்பும் குறையாது. உங்கள் போர்வெல் உப்பாக இருந்தால் பாசி அதற்கு ஒன்றும் செய்யாது.

அப்புறம், பினாயில், பிளீச்சிங் பவுடர், உண்ணி மருந்து போட்டுக் கழுவும் அன்றைக்குத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் தொட்டி ஒரே நாளில் பழுப்பாகிவிடும். மாடு அந்தத் தொட்டியில் வாய் வைக்காதபடி வேலி அவசியம். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் மேலே ஏடு மிதந்தால் அது மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுத்துக் கொன்றே போடும். அப்படி ஏடு கட்டினால் புல்லுக்கும் விடாமல் தொட்டியைக் காலி செய்து, கழுவிக் காயவைத்து, வேறு குட்டைத் தண்ணீரில் மறுபடி தொடங்குங்கள்.