ஸ்டெப் ரெஸ்பான்ஸ் அழகாக வந்தால் போதாதா? டிஸ்டர்பன்ஸ் ரிஜெக்ஷனைத் தனியாக ஏன் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் இறுதியாண்டு மாணவர். தண்ணீர் சூடாக்கும் ஒரு டேங்குக்கு பி.ஐ. (புரபோர்ஷனல்-இன்டெக்ரல்) கண்ட்ரோலர் டிசைன் செய்திருக்கிறார். செட்பாயிண்டை, அதாவது வேண்டிய வெப்பநிலையை, சட்டென்று மாற்றினால் வெப்பநிலை ஒழுங்காகப் போய் நிற்கிறதாம்; ஸ்டெப் ரெஸ்பான்ஸ் என்பது இதுதான். ஆனாலும் கைடு, "டிஸ்டர்பன்ஸ் ரிஜெக்ஷன் காட்டு", அதாவது வெளியிலிருந்து இடையூறு வந்தாலும் வெப்பநிலையைப் பிடித்து நிறுத்துகிறதா என்று காட்டு, எனத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

உங்கள் கைடு கேட்டது நியாயம்தான். உங்களைப் போலவே அழகான ஒரு ஸ்டெப் ரெஸ்பான்ஸை நம்பி ஒரு பாய்லரையே டிரிப் ஆக்கி, தானாக நிற்க வைத்தவன் நான்.

வேலைக்குச் சேர்ந்து முதல் அரவை சீசன். சர்க்கரை ஆலை, கரும்புச் சக்கையில் எரியும் பாய்லர், மணிக்கு 60 டன் நீராவி, 45 பார். பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டத்தைப் பிடித்து வைக்கும் லெவல் லூப்பை ட்யூன் பண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டீம் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர் பழுதாகிக் கிடந்ததால், லெவலை மட்டும் பார்த்து ஃபீட் வாட்டர் வால்வை ஆட்டும் ஒற்றை எலிமென்ட் கண்ட்ரோல்தான் ஓடிக்கொண்டிருந்தது. லோடு அசையாமல் நிற்கிற நேரமாகப் பார்த்து செட்பாயிண்டை 50-லிருந்து 55 ஆக்கினேன். லெவல் வழுக்கிக்கொண்டு போய் 55-இல் உட்கார்ந்தது. டிரெண்டை பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் காட்டினேன். "ஆட்டோவிலேயே இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம்" என்று கண்ட்ரோல் ரூமில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவு, சர்க்கரைப் பாகைக் காய்ச்சும் பேன் ஹவுஸில் இரண்டு பேன்களை அடுத்தடுத்துத் திறந்திருக்கிறார்கள். டர்பைனில் வேலை முடித்து வரும் எக்ஸாஸ்ட் நீராவி போதவில்லை. பிரஷர் குறைக்கும் வால்வு திறந்து பாய்லரிலிருந்து நேராக இழுத்தது. டிரம் பிரஷர் 45-லிருந்து 40 பக்கம் இறங்கியது. பிரஷர் இறங்கினால் தண்ணீருக்குள் இருக்கிற குமிழ்கள் உப்பும். ஸ்டீம் டேபிளைப் புரட்டினால் தெரியும்: 45 பாரில் கிலோவுக்கு 0.044 கன மீட்டர் இடம் பிடிக்கிற நீராவி, 40 பாரில் சுமார் 0.050 கேட்கும். போதாததற்குப் புதுக் குமிழ்களும் கிளம்பும். ஆக, டிரம்மில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, லெவலோ ஏறுகிறது. ஸ்வெல் என்று பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்திருந்தேன். என் கண்ட்ரோலர் அதைப் படிக்கவில்லை. லெவல் கூடுகிறது என்று வால்வை மூடிக்கொண்டே போனது. குமிழ் அடங்கியதும் லெவல் சரசரவென்று இறங்க, மட்டம் மிகத் தாழ்ந்தால் வருகிற லோ-லோ டிரிப்.

காலையில் போனபோது பாய்லர் அட்டெண்டன்ட் திட்டக்கூட இல்லை. "பேன்காரன் திறக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணுவான் தம்பி. நான் உடனே மேனுவல்ல போட்டு வால்வை நாலு பர்சன்ட் கூடத் திறந்து வெச்சிருவேன். லெவல் ஏறும். அது பொய் லெவல், அதைப் பாக்கக் கூடாது. நேத்து நீங்கதான் தொடாதீங்கன்னுட்டீங்க."

நான்கு வருஷம் படித்த ஃபீட்ஃபார்வர்ட் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. ஃபீட்பேக் என்பது தப்பு நடந்து, அது மீட்டரில் தெரிந்த பிறகு கிளம்புகிற ஆள். அந்த மனிதர் இடையூறு வருகிற வாசலிலேயே, ஒரு டெலிபோனை வைத்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டிரான்ஸ்மிட்டர் வந்து, லெவல், ஸ்டீம் ஃப்ளோ, ஃபீட் வாட்டர் ஃப்ளோ மூன்றையும் பார்க்கும் மூன்று எலிமென்ட் கண்ட்ரோலுக்கு மாறியபோது நாங்கள் செய்ததும் அதேதான். ஒரு டன் நீராவி வெளியே போனால் ஒரு டன் தண்ணீர் உள்ளே வர வேண்டும். ஸ்டீம் ஃப்ளோவை அளந்து, அந்தக் கணக்கை நேரடியாக ஃபீட் வாட்டருக்குக் கொடுத்துவிடுவோம். லெவல் பொய் சொன்னாலும் தண்ணீர் நிற்காது. ஃபீட் வாட்டருக்கென்று உள்ளே வேகமான தனி ஃப்ளோ லூப் ஒன்று ஓடும். பம்ப் பிரஷர் ஆடினால் அதை அந்த லூப்பே சரிசெய்துவிடும், லெவல் வரைக்கும் சேதி போகாது.

அப்படியென்றால் ஃபீட்பேக்கே வேண்டாமா என்று கேட்காதீர்கள். 60 டன் ஓடும்போது ஸ்டீம் மீட்டர் 2% குறைத்துக் காட்டினால் மணிக்கு 1.2 டன், அதாவது நிமிடத்துக்கு 20 கிலோ தண்ணீர் குறைச்சல். ஏழு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள நீர்ப்பரப்பில் அது நிமிடத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் இறக்கம். ஒரு மணி நேரத்தில் 15 சென்டிமீட்டர். அதை மெதுவாக இழுத்துப் பிடிக்கத்தான் லெவல் கண்ட்ரோலர்.

அந்த லூப்பின் செட்பாயிண்டை சீசன் முழுக்க யாரும் தொட மாட்டார்கள். சக்கை ஈரமாக வரும், மில் நிற்கும், பேன் திறக்கும். அதற்கெல்லாம் அசையாமல் இருப்பதுதான் அதன் முழுநேர வேலை. பெரும்பாலான பிளாண்ட் லூப்களுக்கு இதுதான் நிலைமை. பரீட்சையில் மட்டும் செட்பாயிண்ட் ஸ்டெப்பே வருவதற்குக் காரணம், அதற்குக் கணக்குப் போடுவது சுலபம் என்பதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி உங்கள் ஹீட்டர். பி.ஐ. கண்ட்ரோலரில் ஒரு அருமையான கணக்கு இருக்கிறது. புரபோர்ஷனல் இந்த நேரத்து எரரைப் பார்க்கும், அதாவது செட்பாயிண்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை; இன்டெக்ரல் இதுவரை சேர்ந்த எரரைப் பார்க்கும். குழாயில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்து, அதை ஈடுகட்ட ஹீட்டர் 10% அதிகமாக ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு எரர் பூஜ்யம். ஆகவே புரபோர்ஷனலின் பங்கும் பூஜ்யம். அந்த 10% முழுவதையும் இன்டெக்ரல்தான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அப்படியானால் எரர் வளைவின் மொத்தப் பரப்பு, இன்டெக்ரல் டைமை கண்ட்ரோலர் கெயினால் வகுத்து வருவதைப் போல் 10 மடங்கு. டேங்க் எப்படிப்பட்டது என்ற பேச்சே இதில் இல்லை பாருங்கள்.

உங்கள் டேங்கின் டைம் கான்ஸ்டன்ட் (எவ்வளவு மெதுவாக மாறும் என்பது) 10 நிமிடம், டெட் டைம் (மாற்றம் தெரியத் தொடங்கும் முன் ஆகும் தாமதம்) 10 வினாடி, டேங்கின் கெயின் 1 என்று வைப்போம். இன்டெக்ரல் டைமையும் அதே 600 வினாடியாக வைத்து டேங்கின் போலை, அதாவது அந்த மெதுவான இயல்பை, அடித்துவிடுவது வழக்கமான டிசைன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். லூப்புக்கு ஒரு நிமிட வேகம் (லூப் டைம்) கேட்டால் கண்ட்ரோலர் கெயின் 8.6 வரும். செட்பாயிண்ட் மாற்றினால் நாலைந்து நிமிடத்தில் போய் நிற்கும், ஓவர்ஷூட் கிடையாது. ஆனால் பச்சைத் தண்ணீர் வந்தால், வெப்பநிலை சற்று விலகிவிட்டுத் திரும்பி வர நாற்பது நிமிடம் ஆகும். நீங்கள் அடித்துவிட்டதாக நினைத்த போல், இடையூறின் பாதையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

2003-இல் நார்வேயின் ஸ்கோகெஸ்டாட் கொடுத்த விதிப்படி, இன்டெக்ரல் டைம் அந்த லூப் டைமையும் டெட் டைமையும் கூட்டி நாலால் பெருக்கியதைத் தாண்டக் கூடாது. இங்கே 280 வினாடி. கெயினைத் தொடாமல் அதை மட்டும் மாற்றுங்கள்: எரர் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும், நாற்பது நிமிடம் கால் மணி நேரமாகும். செட்பாயிண்டில் கொஞ்சம் ஓவர்ஷூட் வரும். அதை செட்பாயிண்ட் வெயிட்டை, அதாவது செட்பாயிண்ட் மாற்றத்தில் புரபோர்ஷனல் பார்க்கிற பங்கை, குறைத்துச் சரிசெய்யலாம். சீக்ளரும் நிக்கல்ஸும் 1942-இல் கொடுத்த ட்யூனிங் விதியும் லோடு இடையூறை மனதில் வைத்ததுதான். ஆனால் அது நிறைய ஆடும், உங்கள் ஹீட்டருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதற்காக கெயினை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. தண்ணி பாக்கெட்டை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும் இல்லையா? அமெரிக்கப் பொறியாளர் போடே கணக்குப் போட்டுக் காட்டியது அதுதான். மெதுவான இடையூறுகளை ரொம்ப அமுக்கினால், வேகமான ஏதோ ஒரு அலைவெண்ணில் லூப்பே இடையூறைப் பெருக்கிக் காட்டும்.

சிமுலேஷனில் ஒரு விஷயம் கவனியுங்கள். நிறைய மாணவர்கள் டிஸ்டர்பன்ஸை பிளாண்டின் அவுட்புட்டில் (இங்கே வெப்பநிலையில்) கூட்டிவிடுகிறார்கள். அங்கே ஸ்டெப் போட்டால் கிடைக்கிற எரர், செட்பாயிண்ட் ஸ்டெப்பில் கிடைப்பதேதான், குறி மட்டும் மாறும். பழைய அழகான படமே திரும்ப வரும். இன்புட்டில் (ஹீட்டர் பக்கம்) கூட்டுங்கள், அந்த நாற்பது நிமிட வால் அப்போதுதான் வெளியே வரும். லேபில் நிஜ டேங்க் இருந்தால் இன்னும் நல்லது. வெப்பநிலை நிலையாக நிற்கும்போது பச்சைத் தண்ணீர்க் குழாயை அரைச் சுற்று கூடத் திறந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து டிரெண்டைப் பாருங்கள். 600 வைத்து ஒன்று, 280 வைத்து ஒன்று, இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்து கைடிடம் கொடுங்கள்.