வாசகர் கேள்வி-பதில்: சோளகத்தில் இளகும் பிருடை

கேள்வி: பொறியியல் பீடத்தில் ஆறு பேர் சேர்ந்து செலோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) வாசிக்கும் குழு தொடங்கியிருக்கிறோம். இசைத்துறை மாணவர் ஒருவரும் இல்லை. இருவர் கர்நாடக வயலின் படித்தவர்கள், மற்ற நால்வரும் புதியவர்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும். சரளி வரிசையில் (கர்நாடக இசையின் தொடக்கச் சுரப் பயிற்சி) தொடங்கலாமா?
– மாணவி, அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: சரளி வரிசை சரி, அதை வழக்கமாகப் படிக்கும் மாயாமாளவகௌளை ராகம்தான் சரிவராது. செலோவின் தந்திகள் தடித்ததிலிருந்து சி, ஜி, டி, ஏ. டி தந்தியைச் சட்ஜமாக (ச) வைத்தால் ஏ தந்தி பஞ்சமம் (ப). கை கழுத்தின் மேல்முனையருகே நிற்கும் முதல் நிலையில் நான்கு விரலும் (சுட்டுவிரல் 1, சுண்டுவிரல் 4) அரைச்சுர இடைவெளியில் நிற்கும். வெறுந்தந்தி, 1, 3, 4 என்று வைத்தால் ச ரி க ம. பக்கத்துத் தந்தியில் அதே விரல்களில் ப த நி ச. அது சங்கராபரணம். மூன்றாம் விரலுக்குப் பதில் இரண்டாம் விரல் வைத்தால் கரகரப்பிரியா. மாயாமாளவகௌளையில் ரி, த இரண்டுக்கும் சுட்டுவிரலைப் பின்னுக்கு நீட்டவேண்டும். புதியவரின் கை அதிலேயே இறுகிப்போகும்.

விரலிடத்தைக் காட்ட மெல்லிய ஒட்டுநாடா ஒட்டுங்கள். முழு அளவுச் செலோவில் மேல் நட்டிலிருந்து (பிருடைப் பக்கம் தந்தி தாங்கும் சிறு மேடு) குதிரைவரை (மேற்பலகையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) தந்தி ஏறக்குறைய 69 செ.மீ. நட்டிலிருந்து 7.5, 11, 14.2, 17.3 செ.மீ. தூரங்களில் நான்கு விரலும் வரும். உங்கள் செலோ வேறு நீளமென்றால், தந்தி நீளத்தை ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் 1.0595ஆல் வகுத்துக்கொண்டு போங்கள். கிடைப்பது குதிரையிலிருந்து உள்ள தூரம். (பொறியியல் பீடத்துக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை!) ஆனால் கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். டி தந்தியில் நான்காம் விரலை வைத்து இழுக்கும்போது, தொடாத ஜி தந்தியைப் பாருங்கள். சுருதி சரியென்றால் அது தானாக அதிரும். ஒரு மயிரிழை விலகினாலும் சும்மா நிற்கும்.

வயலின் படித்த இருவருக்கும் முதல் சில கிழமை வில் குழப்பும். வயலினில் மெல்லிய தந்தி வில் கைக்குக் கிட்ட இருக்கும், செலோவில் தடித்த தந்தி. அதனால் அவர்களை உடனே மேற்குரலில் ஏற்றிவிடாமல், மேல், நடு, கீழ் என்ற மூன்று குரலுக்கும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் மாற்றுங்கள். கீழ்க்குரலுக்கு ஆரம்பத்தில் வெறுந்தந்தி போதும். அதை மட்டமாக நினைக்கவேண்டாம். அங்கே தாளம் தள்ளாடினால் மேலே யார் என்ன வாசித்தும் எடுபடாது.

கேள்வி: ஆடி, ஆவணியில் செலோவின் பிருடை (தந்தியை முறுக்கும் மர ஆணி) நழுவிச் சுருதி நிற்பதில்லை. மாரியில் அதே பிருடை அசைவதேயில்லை. பிருடை பழுதா?
– வாசகர், வவுனியா

பதில்: பழுதில்லை. தென்மேற்குச் சோளகக் காற்றில் மரம் காய்ந்து சுருங்குகிறது, மாரியில் ஈரம் குடித்து ஊதுகிறது. நழுவினால் தந்தியைக் கழற்றி, பிருடையின் பளபளக்கும் இடத்தில் வெண்கட்டியைத் தேயுங்கள். இறுகினால் காய்ந்த சவுக்காரம். எண்ணெய் கூடவே கூடாது. தந்தியைச் சுற்றும்போது கடைசிச் சுற்று பிருடையின் தலைப்பக்கச் சுவரை ஒட்டி வரவேண்டும். அப்போது தந்தியே பிருடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும். திருகும்போதும் உள்ளே அழுத்தியே திருகுங்கள்.

ஒவ்வொரு முறை சுருதி கூட்டிய பிறகும் குதிரையைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். தந்தி இறுக இறுக அதன் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். விட்டால் விழும். நான்கு தந்தியையும் ஒன்றாகக் கழற்றுவதும் ஆபத்து: உள்ளே குதிரையின் காலருகே நிற்கும் மரக்குச்சி தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது விழுந்து உள்ளே உருளும் சத்தம் கேட்டால் தந்திகளைத் தளர்த்திவிட்டு, திருத்தத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அப்படியே இறுக்கினால் மேற்பலகை வெடிக்கும். பக்கப் பொருத்து விட்டுப்போனாலும் சூப்பர் குளூ வேண்டாம், அங்கே மிருகப்பசைதான். சூடாக்கினால் இளகும் பசை என்பதால், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் செலோவை விட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: மாபிள் தரையில், செலோவைத் தரையில் ஊன்றும் கூர்க்கம்பி வழுக்குகிறதே?
– மாணவர், கிளிநொச்சி

பதில்: பழைய இடுப்புப் பட்டியின் வளையத்தைக் கதிரையின் முன்காலில் மாட்டி, கம்பியின் நுனியைப் பட்டியின் துளையொன்றில் ஊன்றுங்கள். கதிரை, கை இல்லாத மரக்கதிரையாக இருக்கட்டும். பின்பக்கம் சரிந்த பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, வில் சி தந்திக்குப் போகும்போது தொடையில் இடிக்கும்.